கார் கம்பெனிகளுக்கு முன்பே ரேஸ் வந்த ஊர்! தெரியுமா?

பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து இன்னும் கொஞ்சம் போனால் இருங்காட்டுக்கோட்டை. கம்பெனி பஸ்களும், புத்தம்புது கார்களை ஏற்றிக்கொண்டு நிற்கும் டிரெய்லர் லாரிகளும் கண்ணில் பட்டதுமே யாருக்கும் ஹூண்டாய் ஞாபகம்தான் வரும். ஆனால் ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனியாகப் பதிவானதே 1996-இல்தான். முதல் சான்ட்ரோ வெளியே வந்தது 1998-இல். அதற்கெல்லாம் முன்பே, 1990-லேயே, இதே இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் கார்கள் சீறத் தொடங்கிவிட்டன, தெரியுமா?

ஆமாம்! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று இன்று ஷிப்டு ஷிப்டாக வண்டிகளைச் செய்து தள்ளும் இந்த வட்டாரத்துக்கு முதலில் வந்தது கார் தொழிற்சாலை இல்லை, ரேஸ் டிராக்! 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தன் சொந்த முயற்சியில் அமைத்த தடம் அது. முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். இப்போது அதன் பெயர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்.

அதற்கும் முன்னால்? வடக்கே சோழவரம்! இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். விமானம் ஏறி இறங்கிய அந்தப் பாதையில்தான் பல ஆண்டுகள் கார், பைக் பந்தயங்கள் நடந்தன. வெயிலில் கூட்டம் கூட்டமாக நின்று பார்த்த தலைமுறை இன்னமும் சென்னையில் இருக்கிறது. வீட்டில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் யாராவது இருந்தால் ‘சோழவரம் ரேஸ்’ என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அப்புறம் அவர் பேச்சை நிறுத்துவது கஷ்டம்.

இரண்டே பேர்! இரண்டு பேரும் நம்ம ஊர்!

இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 140 கோடி மக்களில் இதுவரை இரண்டே இரண்டு பேர். நரேன் கார்த்திகேயன், கோயம்புத்தூர். கருண் சந்தோக், சென்னை. தமிழ்நாட்டைத் தவிர வேறெந்த மாநிலத்துக்கும் இந்தப் பெருமை இன்னும் கிடைக்கவில்லை!

இருவரும் ரேஸ் வீட்டுப் பிள்ளைகள். நரேனின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியனாக இருந்தவர். கருணின் தாத்தா இந்து சந்தோக், மெட்ராஸ் கிளப்பை நிறுவியவர்களில் ஒருவர். அப்பா விக்கி சந்தோக்கும் பந்தய வீரர்; பிறகு இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பின் தலைவர்.

நரேன் தன் வாழ்க்கையின் முதல் பந்தயத்தை ஓட்டியது எங்கே தெரியுமா? இதே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில்! முதல் பந்தயத்திலேயே முதல் மூவரில் ஒருவராக மேடை ஏறிவிட்டார்.

இனிமேல்தான் சுவாரஸ்யம். ஒரே நாடு, ஒரே மாநிலம், ஒரே கனவு. ஆனால் சீட்டு ஒன்றுதான்! 2010-இல் ஹெச்.ஆர்.டி. என்ற சின்ன ஸ்பானிஷ் அணி கருணுக்கு இடம் கொடுத்தது. பத்து பந்தயம் முடிந்ததும் அவர் இடத்தில் வேறொருவரை உட்காரவைத்தது. அடுத்த வருஷம் அதே அணி எடுத்தது யாரை? நரேனை! அவரையும் பாதி சீசனில் இறக்கிவிட்டு, டேனியல் ரிக்கார்டோ என்ற இளம் ஆஸ்திரேலியரை ஏற்றியது. 2011 அக்டோபர் 30, இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 பந்தயம், டெல்லிக்குப் பக்கத்தில் புத் சர்க்யூட்டில். லோட்டஸ் அணியின் மாற்று ஓட்டுநராக இருந்த கருணுக்கு வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் மட்டுமே கார் கிடைத்தது. நரேனுக்கு ஹெச்.ஆர்.டி. அந்த ஒரு பந்தயத்துக்காகத் திரும்பவும் சாவியைக் கொடுத்தது. சொந்த நாட்டில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் நின்று பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கருணின் மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

மாருதி இன்ஜினில் ஒரு புரட்சி

இவர்களுக்கெல்லாம் வழி போட்டவரைப் பற்றித் தெரியுமா? கோயம்புத்தூர் லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை எஸ். கரிவரதன். சோழவரத்தின் நட்சத்திர ஓட்டுநர். பணம் இருந்தது, வெளிநாட்டு கார் ஒன்றை வாங்கி, எல்லோரையும் முந்திவிட்டுக் கோப்பையோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. நம் தெருவில் ஓடிய மாருதி 800 காரின் இன்ஜினை எடுத்து, ஒற்றை இருக்கை பந்தய கார்களைச் செய்தார். ஃபார்முலா மாருதி! குறைந்த செலவில், எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. இனி பணம் இருப்பவன் ஜெயிக்க மாட்டான், ஓட்டத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். நரேனின் தலைமுறை ஏறி வந்த முதல் படி இந்த கார்கள்தான்.

நல்ல ஓட்டுநர் ஒருவர், தன்னை முந்தக்கூடிய பையன்களுக்கு அவரே வண்டி செய்து கொடுத்தார் என்றால் அது எவ்வளவு பெரிய மனசு! கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

நரேனோடு மோதிய மூவர்

நரேன் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1994-இல் இங்கிலாந்தின் ஃபார்முலா ஃபோர்டு குளிர்கால சாம்பியன். ஐரோப்பாவில் இந்தியர் ஒருவர் வென்ற முதல் கார் பந்தயப் பட்டம். 2001 ஜூன் 14, சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் காரை ஓட்டிப் பார்த்தபோது, ஃபார்முலா 1 காரில் உட்கார்ந்த முதல் இந்தியர். 2005-இல் ஜோர்டான் அணியில் முழு சீசன்.

அந்த வருஷம் ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்தது நம்பவே முடியாத கதை! மிஷலின் டயர்கள் கடைசி வளைவைத் தாங்காது என்ற பயத்தில், ஏழு அணிகளின் 14 கார்கள் தயார்ச் சுற்று முடிந்ததும் நேராக பிட் எனும் பணிமனைப் பகுதிக்குள் போய்விட்டன. தொடக்கக் கோட்டில் மிச்சம் ஆறே கார்கள், எல்லாம் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டவை. கூட்டம் கூச்சல் போட, அந்த ஆறு பேர் ஓட்டினார்கள். நரேன் நான்காவது. 5 புள்ளிகள். ஃபார்முலா 1 புள்ளிப் பட்டியலில் இந்தியர் ஒருவர் எடுத்த புள்ளிகள் இன்றுவரை அவை மட்டுமே! ‘ஆறு பேரில் நான்காவதா’ என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த ஆறு பேரில் ஒருவராக அங்கே நிற்பதற்கு எத்தனை வருஷம் உழைக்க வேண்டியிருந்தது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

சரி, 2011, 2012-இல் நரேனோடு உரசிய மூன்று பேர் பின்னாளில் எப்படி விடைபெற்றார்கள் தெரியுமா? எனக்கு இந்த மொத்தக் கதையிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முதலாமவர் அதே ரிக்கார்டோ. டெல்லிப் பந்தயத்தில் இருவருக்கும் ஒரே ஹெச்.ஆர்.டி. கார். முடிவு? நரேன் 17-ஆவது, ரிக்கார்டோ 18-ஆவது! பாதி சீசன் கார் இல்லாமல் உட்கார்ந்திருந்த 34 வயதுக்காரர், தன் இடத்தைப் பிடித்த 22 வயதுப் பையனை முந்திவிட்டார். அந்தப் பையன் பிறகு எட்டு கிராண்ட் பிரீகளை வென்றான். ஆனால் அவனுடைய முடிவு அவன் கையில் இருக்கவில்லை. 2024 சிங்கப்பூர் பந்தயத்தில் அதிவேகச் சுற்றைப் போட்டான். அதுவே கடைசிப் பந்தயமாகிவிட்டது. சில நாட்களில் அணி அவன் இடத்தில் வேறொரு இளைஞனை அறிவித்தது.

இரண்டாமவர் செபாஸ்டியன் வெட்டல். 2012 மார்ச் 25, மலேசியாவின் செபாங். ஒரு சுற்று பின்தங்கியிருந்த நரேனை உலக சாம்பியன் வெட்டல் தாண்டும்போது இரண்டு வண்டிகளும் உரசின. வெட்டலின் டயர் கிழிந்தது. பந்தயத்தை 11-ஆவதாக முடித்தார், புள்ளி பூஜ்யம். கோபத்தில் நரேனை வெள்ளரிக்காய் என்றே திட்டித் தீர்த்தார்! அந்த வெட்டல் நான்கு முறை உலக சாம்பியனாகி, 2022-இல், 35 வயதில், இனி குடும்பத்தோடு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தானாகவே இறங்கிக்கொண்டார்.

மூன்றாமவர்தான் அதிசயம்! 2012 நவம்பர், அபுதாபி. நரேனின் காரில் திடீர்க் கோளாறு, வேகம் சட்டென்று விழுந்தது. பின்னால் வந்த நிகோ ரோஸ்பெர்க்கின் மெர்சிடிஸ் நரேனின் கார் மேல் ஏறி, காற்றில் பறந்து, தடுப்பில் போய் இடித்தது. பார்த்தவர்களுக்கு ஈரக்குலை நடுங்கியது. இருவரும் காயமின்றி நடந்து வெளியே வந்தார்கள். நான்கு வருஷம் கழித்து, 2016 நவம்பர் 27, அதே அபுதாபி தடத்தில், சின்ன வயதிலிருந்து தன்னோடு கார்ட் ஓட்டிய நண்பனும் எதிரியுமான லூயிஸ் ஹாமில்டனைத் தாண்டி ரோஸ்பெர்க் உலக சாம்பியன் ஆனார். ஐந்தே நாட்களில், டிசம்பர் 2 அன்று, ஓய்வு அறிவித்துவிட்டார்! வயது 31. கனவு கண்ட பட்டம் கையில் வந்துவிட்டது, போதும் என்றார். உலகத்திலேயே சிறந்த கார் அது. அடுத்த வருஷச் சீட்டும் அவருக்குத் தயாராக இருந்தது. இதைவிடத் துணிச்சலான முடிவை இந்த விளையாட்டில் நான் கண்டதில்லை.

இப்போது சொல்லுங்கள். இந்த மூவரும் இறங்கிவிட்டார்கள். மூவரையும்விட மூத்தவரான நரேன் என்ன ஆனார்? 2019-இல், 42 வயதில், ஒற்றை இருக்கை கார்களுக்கு விடை சொன்னார். அதே வருஷம் நவம்பரில், ஜப்பானின் ஃபூஜி தடத்தில், ஜப்பானிய சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மானிய டிடிஎம் கார்களும் மோதிய சிறப்புப் பந்தயங்களில் ஒன்றை ஹோண்டா காரில் வென்றார்! ஓய்வு என்றால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? எந்த வண்டிக்கு இனி தன் உடம்பு ஒத்துவராது என்று தெரிந்து அதை மட்டும் விடுவதும் ஓய்வுதான். கோயம்புத்தூரில் பழைய இருசக்கர வாகனங்களை வாங்கி விற்கும் டிரைவ்எக்ஸ் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். டிவிஎஸ் அதில் முதலீடு செய்தது.

கருணும் அப்படியே. ஃபார்முலா 1-இல் 11 பந்தயங்கள். 2012-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர். இன்று உலகமெங்கும் ரசிகர்கள் கேட்கும் ஸ்கை ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் ஃபார்முலா 1 விளக்குபவர். எந்த வளைவில் யார் பிரேக்கை ஒரு கணம் முந்தி மிதித்தார் என்று அவர் சொல்லும்போது, பேசுவது இருங்காட்டுக்கோட்டையில் வளர்ந்த கண்!

கண் இமைப்பதற்குள் ஒரு பஸ் நீளம்

ஏன் இறங்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு 55 மீட்டருக்கு மேல். கண் ஒன்றைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக நல்ல ஓட்டுநருக்கே குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகும். அதற்குள் கார் 11 மீட்டர் போய்விடும். மாநகரப் பேருந்து ஒன்றின் நீளம்! வயது ஏற ஏற அந்த நொடித்துளி மெல்ல நீளும். ஓட்டுநர் உணர்வதற்கு முன்பே அதைக் காட்டிக்கொடுப்பது கடிகாரம்தான்.

பந்தயத்துக்கு முன் பிட்டில் நின்று பார்த்தால் இன்னொன்றும் புரியும். ஃபார்முலா காருக்குள் ஓட்டுநர் உட்கார்வதில்லை, கிட்டத்தட்ட படுக்கிறார். ஸ்டீயரிங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழையவே முடியும். மெக்கானிக் குனிந்து தோள் பெல்ட்டுகளை இழுத்து இறுக்குவார். ஓட்டுநர் மூச்சை வெளியே விட்டுக்கொள்வார். இன்னும் ஒரு இழுப்பு. பிறகு மூச்சை இழுத்தால் நெஞ்சு விரிய இடமிருக்காது. நெருப்பைத் தாங்கும் உள்ளாடை, முகமூடி, அங்கி, கையுறை. வெளியே சென்னை வெயில். முதுகுக்குப் பின்னால் கொதிக்கும் இன்ஜின். ஸ்டீயரிங்கை மாட்டிய ‘க்ளிக்’ சத்தம் கேட்டதும் மெக்கானிக் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். இதை இருபதில் செய்வது வேறு, நாற்பதில் செய்வது வேறு!

ஆரஞ்சு உடுப்பில் வளைவுக்கு வளைவு நிற்கும் மார்ஷல்களின் கையில் நீலக் கொடி ஒன்று இருக்கும். ‘உன்னைவிட ஒரு சுற்று முன்னால் இருப்பவன் பின்னால் வருகிறான், வழி விடு’ என்று அதற்கு அர்த்தம். ஒரு காலத்தில் எல்லோரையும் முந்தியவருக்கு அந்தக் கொடியைக் காட்டும்போது எப்படி இருக்கும்!

1958, பிரான்ஸின் ரீம்ஸ் தடம். ஐந்து முறை உலக சாம்பியன், 46 வயதில் பட்டம் வென்று இன்றுவரை யாராலும் முறியடிக்கப்படாதவர், அர்ஜென்டினாவின் ஃபாஞ்சியோ. அன்று அவர் கார் பின்தங்கிவிட்டது. முதலிடத்தில் வந்த இங்கிலாந்தின் மைக் ஹாத்தார்ன் அவரை ஒரு சுற்று முந்தியிருக்கலாம். செய்யவில்லை! வேகத்தைக் குறைத்து, அந்தப் பெரியவரைத் தனக்கு முன்னால் கோட்டைத் தாண்டவிட்டார். ஃபாஞ்சியோ அன்றோடு ஓய்வு பெற்றார். போட்டியாளன் ஒருவன் இன்னொருவனுக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிட என்ன இருக்கிறது?

ஹாத்தார்னும் அதே வருஷம் உலக சாம்பியன் ஆகி உடனே ஓய்வு அறிவித்தார். ஆனால் அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று மாதமே வாழ்ந்தார். 1959 ஜனவரியில், இங்கிலாந்தில் ஒரு பைபாஸ் சாலையில், தன் ஜாகுவாரை வேகமாக ஓட்டிப்போய் விபத்தில் இறந்தார். வயது 29. ரேஸ் தடம் அவரை விட்டுவிட்டது, ரோடு விடவில்லை.

நிக்கி லாடா கதை இன்னும் சிலிர்க்கவைக்கும். 1976 ஆகஸ்ட் 1, ஜெர்மனியில் எரிந்த காரிலிருந்து மீட்கப்பட்டவர், ஆறு வாரத்தில் கட்டுகளோடு வந்து இத்தாலியில் நான்காவதாக முடித்தார்! அதே வருஷக் கடைசிப் பந்தயம் ஜப்பானில், கொட்டும் மழையில். இரண்டு சுற்று ஓட்டிவிட்டு இறங்கிவிட்டார். இந்த மழையில் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம் என்பது அவர் முடிவு. பட்டம் ஒரே ஒரு புள்ளியில் ஜேம்ஸ் ஹண்ட்டுக்குப் போனது. 1979-இல் ஓய்வு, 1982-இல் மறுவருகை, 1984-இல் அரைப் புள்ளி வித்தியாசத்தில் மூன்றாவது பட்டம்!

கம்பெனிகளும் ஓய்வு பெறும்!

மனிதர்கள் மட்டும்தானா? வல்லம் வடகாலிலும் ஒரகடத்திலும் பெயர்ப் பலகை வைத்திருக்கும் கம்பெனிகளைப் பாருங்கள். டெல்லியின் முதல் ஃபார்முலா 1 பந்தயத்தை வென்ற வெட்டலின் காரில் இருந்தது ரெனோ இன்ஜின். அதே ரெனோவின் தொழிற்சாலை 2010-இலிருந்து ஒரகடத்தில்! பக்கத்திலேயே பாரத்பென்ஸ் லாரி செய்யும் டைம்லர். இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், உலக ராலி சாம்பியன்ஷிப்பில் 2019, 2020 இரண்டு வருஷமும் தயாரிப்பாளர் பட்டம் வென்றது. வல்லம் வடகாலில் யமஹா. பைக் பந்தய உலக சாம்பியன் வாலன்டினோ ரோஸி 2004, 2005, 2008, 2009 பட்டங்களை வென்றது யமஹா பைக்கில். காலை ஷிப்டுக்கு டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ் ஏறும் பையனுக்கு, தான் நட்டு முடுக்குவது எத்தனை சாம்பியன்களின் வீட்டில் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா?

1977-இல் டர்போ இன்ஜினோடு ஃபார்முலா 1-க்குள் நுழைந்த ரெனோ, 2025 சீசனோடு அங்கே இன்ஜின் செய்வதை நிறுத்திக்கொண்டது. ஃபோர்டு? நரேன் 2001-இல் ஓட்டிப் பார்த்த ஜாகுவார் அணி அவர்களுடையது. 2004-இல் அதை விற்றுவிட்டு விலகினார்கள். 2021-இல் மறைமலைநகர் ஆலையையும் மூடுவதாக அறிவித்தார்கள். எத்தனை வீடுகளில் அன்று அடுப்பு எரிய மனமில்லாமல் போனது! அதே ஃபோர்டு 2026-இல் ரெட்புல்லோடு ஃபார்முலா 1-க்குத் திரும்புகிறது. மறைமலைநகரில் மீண்டும் இன்ஜின் செய்யப்போவதாகவும் 2025-இல் அறிவித்தது. லாடாவைப் போலவே!

அஜித் பின்வாங்கிய நாள்

நடிகர் அஜித்குமாரின் ரேஸ் ஆசை எல்லோருக்கும் தெரியும். 2003-இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010-இல் ஐரோப்பாவில் ஃபார்முலா 2. அப்போதே வயது 39! ஆனால் 2025 ஜனவரியில் துபாயில் அவர் செய்ததை எத்தனை பேர் கவனித்தார்கள்? தன் பெயரிலேயே அணி. 24 மணி நேரப் பந்தயம். பயிற்சியின்போது கார் தடுப்பில் மோதிச் சுழன்றது, காயமில்லை. பந்தயத்துக்கு முன் அவர் எடுத்த முடிவு: தன் அணியின் முக்கிய காரைத் தான் ஓட்டுவதில்லை. அணியின் நலனுக்காக ஓட்டுநர் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, வேறொரு அணியின் வேறொரு பிரிவு காரில் ஓட்டினார். அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது! மேடையில் மூவர்ணக் கொடியோடு அவர் ஓடிவந்ததை ஊரே பார்த்தது. எனக்கு அந்த ஓட்டத்தைவிட, அதற்கு முந்தைய முடிவுதான் பெரிதாகப் படுகிறது. கோடிக்கணக்கான ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘இதில் நான் ஓட்டவில்லை’ என்று சொல்ல எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

அவருடைய பிறந்தநாள் மே 1. அவர் தலைவணங்கும் பிரேசில் வீரர் அயர்டன் சென்னா 1994-இல் இமோலா தடத்தில் நடந்த விபத்தில் இறந்ததும் மே 1! அன்று அஜித்துக்கு 23 முடிந்திருந்தது.

இன்னொரு செய்தி: ஆசிய லெ மான் தொடரில் ஓட்ட, 2025-இல் அஜித்தின் அணியில் சேர்ந்தவர் யார் தெரியுமா? 48 வயது நரேன் கார்த்திகேயன்!

13 வயது, 59 வயது

ஆச்சரியங்களையே அடுக்கிக்கொண்டு போனால் இந்தத் தடத்துக்கு நியாயம் செய்ததாகாது. 2023 ஜனவரி 8, இருங்காட்டுக்கோட்டையில் தேசிய கார் பந்தயம். பல்லாண்டு அனுபவமுள்ள 59 வயது வீரர் ஒருவர் விபத்தில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5, அதே தடம், தேசிய பைக் பந்தயம். பெங்களூருவிலிருந்து வந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். ஏழே மாதத்தில் இரண்டு மரணங்கள்.

அந்த மூத்தவர் எப்போதோ நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் ஆசைப்பட்ட இடத்தில், தெரிந்தே, உரிமத்தோடு ஓட்டினார். ஆனால் அந்தப் பையன் விஷயத்தில் கேட்டே ஆக வேண்டும். எந்த வயதில் நிறுத்துவது என்று நாம் பேசும் அளவுக்கு, எந்த வயதில், எத்தனை சிசி பைக்கில் தொடங்கலாம் என்று பேசுகிறோமா? பெரியவர்களின் ஆசை பிள்ளையின் வேகமாக மாறும் இடத்தில், வேண்டாம் என்று சொல்லக் கூட்டமைப்புக்கும் கிளப்புக்கும் அப்பா அம்மாவுக்கும் துணிச்சல் வேண்டும். ஜாக்கி ஸ்டூவர்ட் மூன்று முறை உலக சாம்பியன். 1973-இல் தன் நூறாவது பந்தயத்தோடு ஓய்வு பெறத் திட்டமிட்டிருந்தார். அந்த வாரப் பயிற்சியில் அணித்தோழன் செவெர் இறந்ததும், நூறாவது பந்தயத்தை ஓட்டாமலே விலகினார். 99-இல் நின்றுபோன அந்தக் கணக்கைக் குறையென்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பிறகு தன் வாழ்நாளையே பந்தயப் பாதுகாப்புக்காகப் பேசுவதில் செலவிட்டார். இன்று இருங்காட்டுக்கோட்டையில் ஆம்புலன்ஸும் மருத்துவரும் தயாராக இல்லாமல் பச்சைக் கொடி அசையாது என்றால், அதில் ஸ்டூவர்ட் போன்றவர்களின் பங்கு உண்டு.

ஆகவே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தம்பிகளே, தங்கைகளே! ஷிப்டு முடிந்து ராத்திரியில் வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டிலும் பூந்தமல்லி பைபாஸிலும் பைக்கை முறுக்காதீர்கள். ஹாத்தார்ன் என்ற உலக சாம்பியனையே ஒரு பைபாஸ் தின்றுவிட்டது. ஓட்ட ஆசையா? உங்கள் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்திலேயே நரேனும் கருணும் ஓட்டிய தடம் இருக்கிறது; பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன; உரிமம் வாங்க வழி இருக்கிறது. அடுத்த தேசிய சாம்பியன்ஷிப் சுற்று எப்போது என்று கேட்டுவையுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் கிடையாது என்று சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்!